வாக்கும் ஆசனமும்
1967ஆம் ஆண்டின் சென்னைத் தேர்தல் கற்பிக்கும் பாடம்

தேர்தல் முடிவு வரும் இரவில் நம் வீடுகளில் நடப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒருவர் தாளும் பென்சிலுமாக அமர்ந்து, முடிவு அறிவிக்கப்பட அறிவிக்கப்பட ஒவ்வொரு கட்சிக்கும் கிடைத்த ஆசனங்களைக் கோடிட்டுக் குறித்துக்கொண்டே போவார். விடியும்போது யார் வென்றார், யார் தோற்றார் என்பது தெரிந்துவிடும். தாளை மடித்து வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போவோம்.

அந்தத் தாளில் இல்லாத இன்னொரு கணக்கு உண்டு. எந்தக் கட்சிக்கு எத்தனை பேர் வாக்களித்தனர் என்பதே அது. இரண்டு கணக்கும் ஒன்றுதானே என்று பலர் எண்ணுகின்றனர். ஒன்றல்ல. சில வேளைகளில் ஒன்று கிழக்கே போக, மற்றது மேற்கே போகும். இரண்டையும் சேர்த்துப் படிக்கத் தெரியாத வாக்காளர், வெற்றியின் பொருளையும் அறியார். தோல்வியின் பொருளையும் அறியார்.

இதனை விளங்கிக்கொள்வதற்கு, கடலுக்கு அப்பால் நமக்கு மிக அண்மையிலுள்ள தமிழ்நாட்டில் 1967ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் நடந்த தேர்தலை எடுத்துக்கொள்வோம். அப்போது அதற்குச் சென்னை மாநிலம் என்றே பெயர். சுதந்திரம் கிடைத்த நாள் முதல் ஆண்டுவந்த காங்கிரஸ் கட்சி அங்கே அந்தத் தேர்தலில் வீழ்ந்தது. அது எப்படி வீழ்ந்தது என்பதே நமது பாடம்.

அசையாத கோட்டை

1962ஆம் ஆண்டுத் தேர்தலிலிருந்து தொடங்குவோம். அப்போது சட்டசபையில் 206 ஆசனங்கள். காங்கிரஸ் 139 ஆசனங்களை வென்றது. திராவிட முன்னேற்றக் கழகம் 50 ஆசனங்களைப் பெற்றது. ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர் 15 ஆசனங்களை மாத்திரம் பெற்ற கட்சிக்கு இது பெரிய வளர்ச்சிதான். ஆயினும் கழகத்தின் தலைவர் அண்ணாதுரை தம் சொந்த ஊரான காஞ்சிபுரத்திலேயே தோற்றுப்போனார். காங்கிரசை அசைக்க இயலாது என்றே பலரும் கருதினர்.

அவ்வாறு கருதியதற்குக் காரணமும் இருந்தது. 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தவர் காமராசர். தாம் அதிகம் படிக்க வாய்ப்புப் பெறாதவர். ஆனால் ஏழைப் பிள்ளைகள் படிக்கவேண்டும் என்பதற்காக ஊர்கள் தோறும் பள்ளிகளைத் திறந்தார், பசியோடு வரும் பிள்ளைக்கு மதிய உணவு கொடுத்தார். அணைகளும் தொழிற்சாலைகளும் அவர் காலத்தில் எழுந்தன. தமக்கென்று சொத்துச் சேர்க்காதவர் என்று எதிர்க்கட்சியினரும் ஒப்புக்கொண்ட மனிதர் அவர்.

1963ஆம் ஆண்டு ஒக்டோபர் 2ஆம் திகதி அவர் முதலமைச்சர் பதவியைத் தாமாகவே துறந்தார். மூத்த தலைவர்கள் பதவியை விட்டுக் கட்சிப் பணிக்குத் திரும்பவேண்டும் என்பது அவர் வகுத்த திட்டம். மறு ஆண்டில் அகில இந்திய காங்கிரசின் தலைவரானார். நேருவுக்குப் பின் லால் பகதூர் சாஸ்திரியையும், அவருக்குப் பின் இந்திரா காந்தியையும் பிரதமராக்கியதில் அவர் கையே முதன்மையானது. டெல்லியில் அவர் உயர்ந்துகொண்டிருந்த அந்த நேரத்தில், சொந்த மாநிலத்தில் நிலம் அசையத் தொடங்கியிருந்தது. சென்னையில் அவருக்குப் பின் முதலமைச்சரானவர் பக்தவத்சலம். நிருவாகத்திற் கெட்டிக்காரர். ஆனால் மக்களின் மனத்தைத் தொட்டவர் என்று அவரைச் சொல்ல இயலாது.

மொழியும் அரிசியும்

காங்கிரசுக்கு எதிராக மக்களின் மனம் திரும்பியதற்கு இரண்டு காரணங்களைச் சிறப்பாகக் கூறவேண்டும்.

முதலாவது மொழி. இந்திய அரசியலமைப்பு 1950ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் திகதி நடைமுறைக்கு வந்தபோது, 15 ஆண்டுகளுக்கு ஆங்கிலமும் மத்திய அரசின் மொழியாக இருக்கும், அதன்பின் ஹிந்தி அந்த இடத்தைப் பெறும் என்று விதிக்கப்பட்டிருந்தது. அந்த 15 ஆண்டுகள் 1965ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் திகதி முடிந்தன. தமிழ் மாணவர்கள் வீதிக்கு வந்தனர். ஹிந்தி தெரிந்தவனுக்கே இனி அரசாங்க உத்தியோகம் என்றால் எங்கள் கதி என்ன என்பது அவர்கள் கேட்ட கேள்வி. சிலர் தீக்குளித்து மாண்டனர். பொலிசும் இராணுவமும் இறக்கப்பட்டன. அரசாங்கக் கணக்கின்படியே சுமார் 70 பேர் உயிரிழந்தனர். மத்திய அமைச்சர்களான சி. சுப்பிரமணியமும் அழகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுக்கும் அளவுக்கு நிலைமை முற்றியது. ஆங்கிலம் நீடிக்கும் என்று பிரதமர் சாஸ்திரி வானொலியில் உறுதி கூறிய பின்னரே கொதிப்புத் தணிந்தது. கடிதங்களும் திரும்பப் பெறப்பட்டன. ஆனால் துப்பாக்கிச் சூட்டில் பிள்ளையை இழந்த வீடு அதை மறக்கவில்லை. அந்த மாணவர்கள் வீடு வீடாகச் சென்று கழகத்துக்கு வாக்குக் கேட்டனர்.

இரண்டாவது அரிசி. 1965இலும் 1966இலும் மழை பொய்த்தது. இந்தியா முழுவதும் தானியத் தட்டுப்பாடு. 1966ஆம் ஆண்டு யூன் மாதத்தில் இந்திய ரூபாயின் மதிப்பும் குறைக்கப்பட்டது. விலைகள் ஏறின. அரிசிக் கடையில் வரிசையில் நின்ற தாய்மாருக்கு அணைக்கட்டும் தொழிற்சாலையும் கண்ணில் தெரியவில்லை. வெறும் பானைதான் தெரிந்தது. கழகம் ஒரு வாக்குறுதி கொடுத்தது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி இலட்சியம், ஒரு படி நிச்சயம் என்பதே அது. எழுத்தறியாதவரும் மனனம் செய்யக்கூடிய வாக்குறுதி!

சினிமாவும் தன் பங்கைச் செய்தது. கண்டியிற் பிறந்தவரும், கழகத்தின் பெரும் கவர்ச்சியாக விளங்கியவருமான எம். ஜி. இராமச்சந்திரன், தேர்தலுக்கு ஒரு மாதத்துக்கு முன்னர், 1967 ஜனவரி 12ஆம் திகதி, சக நடிகர் எம். ஆர். ராதாவினாற் சுடப்பட்டார். கழுத்தில் கட்டுடன் அவர் மருத்துவமனையில் இருக்கும் படம் சுவரொட்டியாக மாநிலம் பூராவும் ஒட்டப்பட்டது. தொகுதிக்குப் போகாமலே அவர் பரங்கிமலையில் வென்றார்.

எதிரிகள் ஒன்றுகூடினர்

மொழிக் கொதிப்பும் அரிசிப் பஞ்சமும் மக்களின் மனத்தை மாற்றின என்பது உண்மை. ஆனால் அதிருப்தி மாத்திரம் ஆட்சியை மாற்றிவிடாது. 1962இலும் காங்கிரசுக்கு வாக்களியாதவர்களே பாதிக்கு மேற்பட்டோர். காங்கிரஸ் பெற்றது 46 வீதமே. எஞ்சிய 54 வீதம் பல கட்சிகளுக்கும் சுயேச்சைகளுக்கும் சிதறிப்போயிற்று. சிதறிய வாக்கு எவரையும் வெல்ல வைக்கவில்லை. காங்கிரசையே வெல்ல வைத்தது.

இதனை அண்ணாதுரை நன்கு உணர்ந்தார். 1967இல் அவர் கட்டிய கூட்டைப் பாருங்கள். செல்வந்தரின் கட்சி என்று பெயர் பெற்ற இராஜாஜியின் சுதந்திராக் கட்சி ஒரு புறம். தொழிலாளரின் கட்சியான மார்க்சியக் கம்யூனிஸ்ட் கட்சி மறு புறம். முஸ்லிம் லீக்கும் சோஷலிசக் கட்சிகளும் சேர்ந்தன. ம. பொ. சிவஞானத்தின் தமிழரசுக் கழகமும், சி. பா. ஆதித்தனாரின் நாம் தமிழர் இயக்கமும் சேர்ந்தன. ஒருவரோடு ஒருவர் ஒரு மேசையில் அமரமாட்டார்கள் என்று உலகம் நினைத்தவர்கள் இவர்கள்.

இராஜாஜியை எடுத்துக்கொள்ளுங்கள். 1937இல் சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்து பள்ளிகளிற் ஹிந்தியைக் கட்டாயமாக்கியவர் அவரே. அதை எதிர்த்த கிளர்ச்சியில் வளர்ந்தவர்களே கழகத்தார். முப்பது ஆண்டுகளின் பின், ஹிந்தித் திணிப்பை எதிர்க்கும் மேடையில் அதே இராஜாஜி கழகத்தாருடன் நின்றார். மறுபுறம், கழகத்தாரை வளர்த்த பெரியார் ஈ. வெ. இராமசாமி, காமராசர் மீது கொண்ட மதிப்பினாற் காங்கிரசுக்காகப் பிரசாரம் செய்தார். ஆசான் ஒரு பக்கம், மாணாக்கர் மறு பக்கம்.

கொள்கையில் ஒன்றாத இக்கட்சிகள் ஒரு காரியத்தில் மாத்திரம் ஒன்றுபட்டன. ஒரு தொகுதியில் ஒருவர் நின்றால் மற்றவர் நிற்பதில்லை என்று தொகுதிகளைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டன. காங்கிரஸ் ஏறக்குறைய எல்லாத் தொகுதிகளிலும், அதாவது 232 இடங்களில், வேட்பாளரை நிறுத்தியது. கழகமோ 174 இடங்களில் மாத்திரம் போட்டியிட்டு, எஞ்சியவற்றைத் தோழமைக் கட்சிகளுக்கு விட்டுக்கொடுத்தது. விட்டுக்கொடுத்ததே அதற்குப் பலமாயிற்று.

முடிவு

நூற்றுக்கு 76 பேருக்கு மேல் வாக்களித்தனர். இப்போது முடிவைக் கவனமாகப் படியுங்கள். மொத்த ஆசனங்கள் 234. திராவிட முன்னேற்றக் கழகம் 137. காங்கிரஸ் 51. சுதந்திராக் கட்சி 20. மார்க்சியக் கம்யூனிஸ்ட் கட்சி 11. மீதி சிறு கட்சிகளுக்கும் சுயேச்சைகளுக்கும். காங்கிரஸ் தரைமட்டமாயிற்று என்று பத்திரிகைகள் எழுதின.

இனி மற்றக் கணக்கு. காங்கிரஸ் பெற்ற வாக்கு 41.1 வீதம். கழகம் பெற்ற வாக்கு 40.7 வீதம்.

ஆம், அச்சுப் பிழையன்று. 51 ஆசனங்களைப் பெற்ற கட்சி, 137 ஆசனங்களைப் பெற்ற கட்சியிலும் பார்க்கச் சற்று அதிகமான வாக்குகளைப் பெற்றிருந்தது. 1962உடன் ஒப்பிட்டால் காங்கிரஸ் இழந்தது 5 வீத வாக்குகளே. ஆனால் ஆசனங்களிலோ, சபையின் மூன்றில் இரண்டு பங்கை வைத்திருந்த கட்சி ஐந்தில் ஒரு பங்களவுக்குச் சுருங்கிற்று. வாக்கில் விழுந்தது ஒரு கீறல்; ஆசனத்தில் அது பெரும் பள்ளமாயிற்று.

கணக்கை விளங்கிக்கொள்வோம்

இது எவ்வாறு நேர்ந்தது? ஒரு சிறு உதாரணத்தாற் பார்ப்போம்.

100 வாக்காளர் உள்ள ஒரு கிராமத்தை எண்ணிக்கொள்ளுங்கள். மூவர் போட்டியிடுகின்றனர். முதலாமவருக்கு 45 வாக்கு, இரண்டாமவருக்கு 30, மூன்றாமவருக்கு 25. முதலாமவர் வென்றார். அவரை விரும்பாதவர்கள் 55 பேர். ஆயினும் அவரே பிரதிநிதி. அடுத்த தேர்தலில் மூன்றாமவர் நிற்கவில்லை. இரண்டாமவருக்கு வாக்களியுங்கள் என்று தம் ஆட்களிடம் கூறிவிட்டார். அந்த 25 பேரும் அவர் சொற்படி நடந்தால், முதலாமவருக்கு அதே 45, இரண்டாமவருக்கு 55. ஆட்சி மாறிவிட்டது. ஆனால் அந்தக் கிராமத்தில் முதலாமவரைக் கைவிட்டவர் எத்தனை பேர்? ஒருவருமில்லை! வாக்காளரின் மனம் மாறவில்லை. வாக்குகள் சேர்ந்த விதமே மாறிற்று.

ஒரு தொகுதிக்கு ஒரு பிரதிநிதி, கூடுதல் வாக்குப் பெற்றவரே வெற்றியாளர் என்பது பிரித்தானியரிடமிருந்து இந்தியாவும் இலங்கையும் பெற்றுக்கொண்ட முறை. இம்முறையில் 10,000 வாக்கால் வென்றாலும் ஓர் ஆசனம். 10 வாக்கால் வென்றாலும் ஓர் ஆசனம். தோற்றவர் பெற்ற வாக்குகளுக்குச் சபையில் இடமில்லை. ஆகவே, எங்கும் பரவலாக இரண்டாம் இடத்துக்கு வரும் கட்சி, நிறைய வாக்குப் பெற்றும் வெறுங்கையோடு வீடு திரும்பும்.

அவசரப்பட்டு, ‘அப்படியானால் 1967இல் கழகம் பெற்றது கள்ள வெற்றி’ என்று முடிவுகட்டிவிட வேண்டாம். காங்கிரஸ் தன் 41 வீதத்தை 232 தொகுதிகளிலிருந்து திரட்டியது. கழகம் தன் வாக்கை 174 தொகுதிகளிலிருந்து மாத்திரம் திரட்டியது. எஞ்சிய இடங்களிற் கழகத்தின் ஆதரவாளர் தோழமைக் கட்சிகளுக்கே வாக்களித்தனர். கழகம், சுதந்திராக் கட்சி, மார்க்சியக் கம்யூனிஸ்ட் கட்சி ஆகிய மூன்றின் வாக்குகளைக் கூட்டினாலே அது மொத்தத்திற் பாதியை எட்டிவிடுகிறது. ஆட்சி மாற்றத்தை மக்கள் விரும்பினர் என்பதிற் சந்தேகமில்லை. எனினும் தோற்ற கட்சியின் பின்னால் நூற்றுக்கு 41 பேர் அப்போதும் நின்றனர் என்பதும் அதேயளவு உண்மை. சபையைப் பார்த்தால் அந்த 41 பேர் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள்.

விருதுநகரில் 1,285 வாக்கு

முதலமைச்சர் பக்தவத்சலம் ஸ்ரீபெரும்புதூரில் தோற்றார். அமைச்சர்களிற் பெரும்பாலோர் தோற்றனர். மத்திய உணவமைச்சரான சி. சுப்பிரமணியமும் பாராளுமன்றத் தொகுதியிற் தோற்றார். எல்லாவற்றிலும் மேலாக, இரண்டு பிரதமர்களை உருவாக்கிய காமராசர் தம் சொந்த ஊரான விருதுநகரிலேயே தோற்றார். அவரை வென்றவர் மொழிப் போராட்டத்தில் முன்னின்ற மாணவர் தலைவர் பெ. சீனிவாசன். சீனிவாசனுக்கு 33,421 வாக்கு, காமராசருக்கு 32,136. வித்தியாசம் 1,285.

வாக்காளர்களில் 643 பேர் மற்றப் பக்கம் வாக்களித்திருந்தால் வரலாறு வேறு விதமாக எழுதப்பட்டிருக்கும். என் ஒரு வாக்கால் என்ன ஆகப்போகிறது என்று வீட்டில் இருந்துவிடும் நண்பருக்கு இந்த எண்ணைச் சொல்லுங்கள். 643 பேர் என்பது நம் கிராமங்களில் திருநாள் அன்று ஒரு கோயிலிற் கூடும் சனம்.

ஆட்சி கைமாறிய விதம்

அந்த வெற்றியிலும் தோல்வியிலும் நாம் மறக்கக்கூடாத சிறப்பு ஒன்றுண்டு. இந்தியாவை விட்டுப் பிரிந்து தனித் திராவிட நாடு அமைப்போம் என்று முன்னர் கோரிய கட்சி அது. 1963இலேயே அக் கோரிக்கையைக் கைவிட்டிருந்தது. அத்தகைய கட்சியிடம் காங்கிரஸ் ஆட்சியை ஒப்படைத்தது. டெல்லி தடுக்கவில்லை, வீதியிற் கலகம் எழவில்லை. 1967ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் திகதி அண்ணாதுரை முதலமைச்சராகப் பதவியேற்றார். அவரோடு சேர்த்து அமைச்சர்கள் ஒன்பது பேர் மாத்திரமே.

வென்றவர் நடந்துகொண்ட முறையும் நினைக்கத் தக்கது. தேர்தலில் தமக்கு எதிராகப் பிரசாரம் செய்த பெரியாரைத் தேடி அண்ணாதுரை திருச்சிக்குச் சென்றார். 1949இற் பிரிந்த ஆசானும் மாணாக்கரும் அவ்வாறு மீண்டும் சந்தித்தனர். வெற்றி பெற்றவன் முதலில் தட்டவேண்டிய கதவு தோற்றவனின் கதவு என்பதை அவர் அறிந்திருந்தார்.

புதிய ஆட்சி செய்தவை எவை? மாநிலத்துக்குத் ‘தமிழ்நாடு’ என்று பெயர் சூட்டும் தீர்மானம் 1967 யூலை 18ஆம் திகதி சட்டசபையில் நிறைவேறியது. இதே கோரிக்கைக்காக 1956ஆம் ஆண்டு விருதுநகரிற் சங்கரலிங்கனார் என்னும் முதியவர் உண்ணாவிரதம் இருந்து உயிர்துறந்திருந்தார். 1969 ஜனவரி 14ஆம் திகதி பெயர் மாற்றம் நடைமுறைக்கு வந்தது. பள்ளிகளில் தமிழும் ஆங்கிலமும் போதும் என்ற இருமொழிக் கொள்கை 1968 ஜனவரியில் ஏற்கப்பட்டது. அதே மாதத்தில் இரண்டாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு சென்னையிற் சிறப்புற நடைபெற்றது. அம் மாநாடுகளைத் தொடக்கியவர் நம் மண்ணின் மைந்தரான தனிநாயகம் அடிகளார் என்பது நமக்கெல்லாம் பெருமை.

ஆனால் கட்சி மாறியதால் எல்லாம் மாறிவிடவில்லை. ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் தொடங்கப்பட்டது. பணச் சுமையினால் மாநிலம் முழுவதற்கும் அதை விரிக்க இயலவில்லை. மூன்று படி இலட்சியமாகவே நின்றுவிட்டது. அதனிலும் கசப்பானது ஒன்றுண்டு. 1968ஆம் ஆண்டு நத்தார் இரவில், தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தாழ்த்தப்பட்ட விவசாயத் தொழிலாளரின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும், ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டனர். குற்றஞ்சாட்டப்பட்ட நிலக்கிழார்கள் பின்னர் உயர் நீதிமன்றத்தில் விடுதலையாயினர். ஏழைகளின் வாக்கால் அமைந்த ஆட்சியிலேதான் இது நடந்தது. அரசாங்கம் மாறுவது வேறு. அதிகாரம் மாறுவது வேறு. சட்டசபையில் ஆட்கள் மாறினாலும், வயலிலும் வரம்பிலும் யார் யாருக்குப் பயந்து வாழ்கிறார் என்பது ஒரு தேர்தலில் மாறிவிடுவதில்லை.

1969 பெப்ரவரி 3ஆம் திகதி அண்ணாதுரை காலமானார். எனினும் அவர் தொடக்கிய மாற்றம் நிலைத்தது. 1967 முதல் 2021 வரை நடந்த ஒவ்வொரு சட்டசபைத் தேர்தலிலும் அங்கே வென்றது திராவிட முன்னேற்றக் கழகம் அல்லது 1972இல் அதிலிருந்து பிரிந்த அண்ணா திராவிட முன்னேற்றக் கழகம்.

நமது வீட்டுக் கணக்கு

இவையெல்லாம் அயலவர் கதை என்று எண்ணவேண்டாம். மூன்று ஆண்டுகளின் பின், 1970இல், அதே கணக்கு நம் நாட்டிலும் நடந்தது. ஐக்கிய தேசியக் கட்சி 37.9 வீத வாக்குகளைப் பெற்று 17 ஆசனங்களை வென்றது. ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சி 36.9 வீத வாக்குகளைப் பெற்று 91 ஆசனங்களை வென்றது! அங்கேபோல இங்கேயும் காரணம் தொகுதிப் பங்கீடே. சுதந்திரக் கட்சி, சமசமாஜக் கட்சி, கம்யூனிஸ்ட் கட்சி ஆகிய மூன்றும் ஐக்கிய முன்னணியாக நின்றன. அங்கேபோல இங்கேயும் அரிசி பேசிற்று. குறைக்கப்பட்ட பங்கீட்டு அரிசியின் இரண்டாவது கொத்தைத் திரும்பத் தருவோம் என்பது அந்த முன்னணியின் வாக்குறுதி.

முன்னணியின் மூன்று கட்சிகளும் சேர்ந்து பெற்றது பாதிக்குச் சற்றுக் குறைந்த வாக்குகள். தெரிவு செய்யப்பட்ட 151 ஆசனங்களில் அவை வென்றது 116. அந்தப் பலத்தைக் கொண்டே 1972ஆம் ஆண்டின் அரசியலமைப்பு ஆக்கப்பட்டது. சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பாக இருந்த பழைய 29ஆம் பிரிவு அதில் இடம்பெறவில்லை. தமிழரசுக் கட்சி அரசியல் நிர்ணய சபையை விட்டு வெளியேறியது. நாட்டிற் பாதிப் பேரின் வாக்குக்கூடக் கிடையாத ஓர் அணி, நாடு முழுவதற்கும் அடிப்படைச் சட்டம் எழுத முடிந்தது. வாக்குக்கும் ஆசனத்துக்கும் இடையிலுள்ள இடைவெளி வெறும் எண் விளையாட்டு அன்று என்பதை இதிலிருந்து அறியலாம்.

1977இல் ஊஞ்சல் மறு பக்கம் ஆடிற்று. ஐக்கிய தேசியக் கட்சி 51 வீதத்துக்குச் சற்றுக் குறைந்த வாக்குகளால் 168இல் 140 ஆசனங்களைப் பெற்றது. ஏறக்குறைய 30 வீத வாக்குகளைப் பெற்ற சுதந்திரக் கட்சிக்குக் கிடைத்தது 8 ஆசனங்கள். 7 வீதத்துக்கும் குறைந்த வாக்குகளைப் பெற்ற தமிழர் விடுதலைக் கூட்டணிக்கோ 18. சுதந்திரக் கட்சியின் வாக்குகள் தீவு எங்கும் பரந்து கிடந்தன. கூட்டணியின் வாக்குகள் வடக்கிலும் கிழக்கிலும் திரண்டு நின்றன. அந்த ஆறில் ஐந்து பங்குப் பலத்தினால் 1978இல் மீண்டும் ஓர் அரசியலமைப்பு எழுந்தது. 1982ஆம் ஆண்டுச் சர்வசன வாக்கெடுப்பின் மூலம் அதே பாராளுமன்றத்தின் ஆயுளும் நீட்டப்பட்டது.

விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைக் கொண்டுவந்ததும் 1978இன் அரசியலமைப்பே. 1989இல் அம்முறைப்படி முதற் பாராளுமன்றத் தேர்தல் நடந்தது. இப்போது இடைவெளி சுருங்கியுள்ளது, முற்றாக மறையவில்லை. 2024 நவம்பரில் ஆட்சி புதியவர் கைக்கு மாறியபோது, தேசிய மக்கள் சக்தி 61 வீதத்துக்குச் சற்று அதிகமான வாக்குகளால் 225இல் 159 ஆசனங்களைப் பெற்றது. பழைய முறையில் நேர்ந்த வித்தியாசங்களோடு ஒப்பிட்டால் இது சிறிது. எனினும் சபையின் பெரும்பான்மை மக்களின் பெரும்பான்மையிலும் பெரிதாகத் தோன்றும் இயல்பு எல்லா முறையிலும் ஓரளவு உண்டு.

மனத்திற் கொள்ள வேண்டியவை

இப்பாடத்தை மூன்று கருத்துக்களாகத் திரட்டிக்கொள்ளலாம்.

முதலாவது, தேர்தல் முடிவைப் படிக்கும்போது இரு பத்தியாகப் படியுங்கள்: ஒரு பத்தியில் ஆசனம், மறு பத்தியில் வாக்கு. ஒரு கட்சி ‘அழிந்துவிட்டது’ என்று கூறப்படும்போது, அதன் பின்னால் இன்னும் எத்தனை பேர் நிற்கின்றனர் என்று பாருங்கள். அவர்கள் உங்கள் அயல்வீட்டார். நாளையும் அதே கிணற்றடியில் அவர்களைச் சந்திப்பீர்கள்.

இரண்டாவது, ஆட்சியை மாற்ற விரும்புபவர் கோபத்தை வளர்த்தாற் போதாது, விட்டுக்கொடுக்கவும் கற்கவேண்டும். ஒவ்வொருவரும் தாமே தலைவர் என்று தனித்தனிப் பெட்டியில் வாக்கைச் சேர்த்தால், அந்த வாக்கு எதிராளிக்கே உதவும். 1967இல் 174 இடங்களோடு நிறைவுகொண்டவர்களே 137 இடங்களை வென்றனர். நம் மத்தியிற் பல கட்சிகளாகப் பிரிந்து நிற்பவர்கள் இதனை ஒருமுறைக்கு இருமுறை படிப்பது நன்று.

மூன்றாவது, வென்றவர் தமக்குக் கிடைத்த ஆசனங்களை எண்ணி ஆளக்கூடாது. தமக்குக் கிடைக்காத வாக்குகளை எண்ணி ஆளவேண்டும். ஒரு நாளைய தேர்தலைக் கொண்டு ஐந்து ஆண்டு ஆளலாம். தலைமுறைகளுக்கு நிற்கவேண்டிய அடிப்படைச் சட்டத்தை எழுதுவதற்கு, வாக்களியாதவர்களின் சம்மதமும் தேவை. அது இல்லாமற் கட்டியதன் விலையை நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நம் ஊர்களில் அதைச் செலுத்தாத குடும்பம் எது?

அடுத்த தேர்தல் இரவிலும் தாளும் பென்சிலுமாக அமருங்கள். ஆனால் இம்முறை தாளின் நடுவே ஒரு கோடு கிழித்து, இரண்டு கணக்கையும் எழுதுங்கள். அருகிலிருக்கும் பிள்ளைகளுக்கும் அதைக் காட்டிக் கொடுங்கள்.

கூடிப் படிப்போர் சிந்திப்பதற்கு

1. 1962இலும் 1967இலும் காங்கிரஸ் பெற்ற வாக்கு வீதத்தை ஒப்பிடுக. ஆசனங்கள் இவ்வளவு குறைந்தது ஏன் என்பதை 100 வாக்காளர் கொண்ட கிராம உதாரணத்தால் விளக்குக.

2. கொள்கையில் ஒன்றாத கட்சிகள் தேர்தலுக்காகக் கூட்டுச் சேர்வது சரியா? எந்த எல்லை வரை சரி?

3. கீழ்வெண்மணி நிகழ்ச்சி, ஆட்சி மாற்றத்தால் தீராத பிரச்சினைகளைப் பற்றி என்ன கூறுகிறது? அத்தகைய பிரச்சினை உங்கள் ஊரில் உண்டா?

4. உங்கள் தொகுதியின் கடந்த தேர்தல் முடிவைத் தேடி எடுத்து, ஆசனமும் வாக்குமாக இரு பத்தியில் எழுதுக. அதில் நீங்கள் முன்பு காணாத எதைக் காண்கிறீர்கள்?